வள்ளியாத்தாள் தலைக்கு ஒரு தொப்பி

பாலுசாமி அண்ணன் என் கடைக்குள் முதன்முதலாக ஏறி வந்தபோது, வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். துடியலூரில் நான் நடத்துவது பேன்சி ஸ்டோர். வளையல், ஜாக்கெட் லைனிங், ஊக்கு, எம்பிராய்டரி நூல் என்று பெண்கள் நுழைகிற கடை. ஆண்கள் வந்தால் வண்டியைக்கூட அணைக்க மாட்டார்கள். வாசலில் நின்றபடியே மனைவி கொடுத்தனுப்பிய துணித்துண்டை நீட்டி, இதே கலரில் நூல் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவரோ செருப்பைக் கழற்றி விட்டு உள்ளே வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு குரோஷா ஊசியை எடுத்து, பழுது பார்க்க வந்த சாமான் மாதிரி மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்கம்மணி, இதுக்கு ஏத்த நூலு வேணுமுங்க."

யாருக்கு என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார். நான் சிரித்துவிட்டேன். கடையில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, போகவும் இல்லை.

அவரை எனக்குத் தெரியாதா என்ன. பின்தெருவில் வீட்டு முன்னறையிலேயே மோட்டார் வைண்டிங் செய்கிறவர். இந்தப் பக்கம் யார் வீட்டு போர்வெல் மோட்டார் கருகினாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். எரிந்துபோன காப்பரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துக் கொடுப்பார். கை வேலை சுத்தம். வாய்தான் கிடையாது. வாய்க்கும் சேர்த்து அவருடைய மனைவி வள்ளியாத்தாள் பேசுவாள். அவள் என் பழைய வாடிக்கை. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் கடையில் ஏறினால், ஒரு டஜன் ஊக்கு வாங்க ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் இறங்குவாள்.

அந்த வள்ளியாத்தாள், மகள் பிரசவத்துக்கு பெங்களூர் போனாள். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்கள் என்று திரும்புவார்கள் என்பதை எந்த ஜோசியராலும் சொல்ல முடியாது. குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றார்கள். அப்புறம் தவழட்டும் என்றார்கள். அப்புறம் மகள் நந்திதாவுக்கு லீவு முடிந்துவிட்டது, ஐ.டி. வேலை, குழந்தையை யார் பார்ப்பது என்றார்கள். முதல் வருஷப் பொங்கலுக்கு எல்லோருமாக வந்து போனதோடு சரி. பேத்தி நவ்யா இப்போது ஓடுகிறாள், பாட்டுப் பாடுகிறாள். பாலுசாமி அண்ணன் இரண்டு வருஷத்துக்கு மேலாகத் தானே ஆக்கித் தானே தின்றுகொண்டிருக்கிறார்.

இப்படி எங்கள் தெருக்களில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் தெரியுமா? மனைவி பெங்களூரிலோ அமெரிக்காவிலோ பேரப்பிள்ளைக்குப் பால் கலக்கிக்கொண்டிருப்பாள். இவர் இங்கே வீட்டுக்குக் காவல். யாரும் சண்டை போடவில்லை, யாரும் பிரியவில்லை. அதனால் இதற்குப் பெயரும் கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது. எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். என் வீட்டில் எந்நேரமும் ஆள் நிறைந்து கிடக்கும். என் வீட்டுக்காரர் முஸ்தபா, இரண்டு மகன்கள், மருமகள்கள், பிள்ளைகள் என்று குளியலறைக்கே வரிசை. தனிமை என்றால் என்ன என்று ருசி பார்க்கத்தான் நான் கடைக்கே வருகிறேன். அவருக்கோ அது தட்டில் கொட்டிக் கிடந்தது.

நூல் எதற்கு என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை. கெட்டியான காட்டன் நூல், கத்தரிப்பூ நிறத்தில் கேட்டார். வள்ளியாத்தாளுக்குப் பிடித்த நிறம் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, பின்னியதை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டம். தொட்டுப் பார்த்தால் மரக்கட்டை. யூடியூபில் ஒரு பெண் செய்வதைப் பார்த்துப் பின்னுகிறாராம். அவள் ஊசி வெண்ணெயில் போவதுபோல் போகிறதாம், இவருடையது உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறதாம். எப்படி நுழையும்? ஆயுசு முழுக்கக் காப்பர் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றிய கை. நூலையும் அப்படியே இழுத்திருக்கிறார். தளர விடுங்கண்ணா, இது ஒன்றும் கருகாது என்றேன். அவருக்கு அது பிடிபட ஒரு மாதம் ஆயிற்று.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வள்ளியாத்தாள் காலையிலும் சாயங்காலமும் குழந்தையைக் குடியிருப்புப் பூங்காவுக்குத் தூக்கிப் போகிறாள். வெயில் பட்டால் அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். முதல் வருஷமே மகள் ஒரு கம்பெனித் தொப்பியைக் கொடுத்திருக்கிறாள். கொண்டைக்கு மேல் அது நிற்கவில்லை என்று போனில் சொல்லிச் சிரித்தாளாம். அதைத்தான் இவர் மனசில் வைத்திருக்கிறார். கொண்டை உள்ளே அடங்குகிற மாதிரி உச்சி உயரமாக, முகத்துக்கு நிழல் விழுகிற மாதிரி விளிம்பு அகலமாக, காற்றுக்கு மடங்காத ஒரு தொப்பி. கடையில் விற்பதெல்லாம் கொண்டை இல்லாதவர்களுக்குச் செய்தது என்றார்.

அளவுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து வளைத்து முறுக்கிய ஒரு கம்பி வளையத்தை எடுத்தார். வைண்டிங்காரர்கள் கம்பிச் சுருளின் அளவை அப்படித்தான் எடுப்பார்களாம், ஒரு கம்பியை வளைத்துப் பார்த்து. தலைவலி வரும்போதெல்லாம் தைலம் தேய்த்து அவள் தலையை அமுக்கிவிட்டது இவர்தான். இரண்டு கையும் எங்கே வந்து சேரும் என்று கைக்கே தெரியும். அந்த நினைப்பில் கம்பியை வளைத்திருக்கிறார்.

"இதுதானுங்க வள்ளியோட தலை" என்று மேசைமேல் வைத்தார்.

எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அதை மறைக்கத்தான் கேட்டேன், இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் கிளம்பி வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் என்ன என்று. அவர் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே பிள்ளைக்கு ஆள் வேண்டும், இங்கே தனக்கு என்ன குறை, சோறுதானே, ஆக்கிக்கொள்கிறேன் என்றார். பெங்களூருக்கே போய் இருந்துவிடலாமே என்றதற்கும் பதில் வைத்திருந்தார். குழந்தை பிறந்த புதிதில் ஒரு தடவை போயிருக்கிறார். மாப்பிள்ளை ஹாலில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் பேசுவாராம். இவர் இருமினால்கூட அந்தப் பக்கம் கேட்கும். அதனால் பகல் முழுக்கக் கீழே வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் ஊர் திரும்பிவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை.

எழுந்து போகும்போது, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"போன்ல கூப்பிட வாய் வரமாட்டேங்குதுங்கம்மணி. இதைக் கொண்டுபோயித் தலைல வெச்சுப்போட்டு, வா போலாம்னு சொல்லிப்போடோணும்."

அதற்கப்புறம் அந்தத் தொப்பிமேல் எனக்கும் அக்கறை வந்துவிட்டது. சாயங்காலம் கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் வருவார், ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு சுற்றுப் பின்னுவார். உச்சி வட்டம் அடை அகலத்துக்கு வந்ததும் பின்னல் கண்ணியைக் கூட்டுவதை நிறுத்தினார். பக்கச் சுவர் தானாகக் கீழே இறங்கியது. அந்தக் கம்பி வளையத்தை உள்ளே வைத்து அளவு பார்த்துக்கொண்டே பின்னியதால் வடிவம் பிசகவில்லை. ஏழு மணியானால் மட்டும் எழுந்து ஓடிவிடுவார். ஏழு மணிக்கு பெங்களூரிலிருந்து வீடியோ கால். எனக்கும் ஒரு நாள் கடையிலிருந்தே காட்டினார். திரை முழுக்க நவ்யா குதித்துக்கொண்டிருந்தாள். வள்ளியாத்தாளின் குரலும், சோற்றை ஊட்டுகிற வளையல் கையும் மட்டும் வந்தன. பாப்பாவைக் காட்டு, பாப்பாவைக் காட்டு என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நல்லா இருக்கீங்களா குல்சும் என்று அவள் கேட்க, நானும் அந்தக் கையைப் பார்த்தே நல்லா இருக்கிறேன் என்றேன்.

விளிம்புதான் ஆளைப் படுத்தியது. கண்ணியை அதிகம் கூட்டினால் பாவாடைக் கொசுவம் மாதிரி அலை அலையாக வந்தது. குறைத்தால் விளக்குக்கு மாட்டிய குடையாகக் கவிழ்ந்தது. பிரித்துப் பிரித்துப் பின்னி, ஒருவழியாகத் தட்டையாக வந்தபோது அது துவண்டு தொங்கியது. அரிசிக் கஞ்சியில் முக்கி, குடத்தின்மேல் கவிழ்த்து மொட்டைமாடியில் காயவைத்தார். அப்பளமாக விறைத்தது. மறுநாள் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஆடிக்காற்றோடு வந்த சாரலில் மறுபடி தொங்கிவிட்டது. எறும்பு வேறு ஏறிவிட்டது.

அடுத்து அவர் செய்ததை வேறு எந்த ஊரிலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். மோட்டாருக்குப் போடுகிற வார்னிஷில் விளிம்பை முக்கி, கம்பிச் சுருளைக் காயவைக்கிற பல்பு பெட்டிக்குள் வைத்துச் சுட்டிருக்கிறார். மறுநாள் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது 'டொக்' என்று சத்தம் கேட்டது. கத்தரிப்பூ நிறம் கருப்பட்டி நிறமாகியிருந்தது. கடை முழுக்கக் கருகின மோட்டார் வாசம். இதை மாட்டிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டால் வள்ளியாத்தாள் ஓடுவாள் அண்ணா என்று சொல்லிவிட்டேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு வாரம் கடைப்பக்கமே வரவில்லை. ஸ்டூல் சும்மா கிடந்ததைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு அவரே வந்து, அதே நிறத்தில் மறுபடி நூல் கேட்டார்.

இரண்டாவது தொப்பி அருமையாக வந்தது. கை தளர்ந்திருந்தது. விளிம்பின் கடைசிச் சுற்றில் மெல்லிய வைண்டிங் கம்பி இரண்டை முறுக்கி உள்ளே வைத்து, அதன்மேலேயே பின்னினார். கம்பி முனை குத்தாமல் இருக்க, மோட்டாரில் போடுகிற துணிக் குழாயையே சின்னதாக வெட்டி மாட்டினார். சேலைக்குப் போடுகிற மாதிரி லேசான ஜவ்வரிசிக் கஞ்சி. காய்ந்ததும் எடுத்துப் பார்த்தேன். உச்சி நிமிர்ந்து நின்றது. விளிம்பை வளைத்தால் வளைத்த இடத்தில் நின்றது. பெரிய துணிக்கடையில் கண்ணாடிக்குள் வைக்கலாம், அத்தனை அழகு. நான் என் தலையில் வைத்துப் பார்க்கப் போனேன். அவர் சட்டென்று வாங்கிக்கொண்டார். அவள் தலையில் முதலில் ஏறட்டும் என்றார்.

விளிம்பு நசுங்கக்கூடாதென்று, கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அகலப் போசி ஒன்றுக்குள் தொப்பியை வைத்து, மூடி போட்டுத் துண்டால் கட்டி, காலை ரயிலுக்குக் கிளம்பினார். ரயிலில் எதிரே இருந்தவர்கள் மகளுக்குப் பலகாரமா என்று கேட்டார்களாம். ஆமாங்க என்று சொல்லிக்கொண்டே பெங்களூர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே போயிருக்கிறார்.

நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். வள்ளியாத்தாள் வந்தால் ஒரு மணி நேரம் பேசுவாள், எனக்கு வியாபாரம் கெடும், கெட்டால் கெடட்டும் என்றிருந்தேன். அவர் நாலாம் நாள் தனியாக வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார், துண்டு துண்டாக.

கதவைத் திறந்தது யாரோ வேலைக்காரம்மா என்றுதான் முதலில் நினைத்தாராம். வள்ளியாத்தாள்தான். காதோடு ஒட்ட வெட்டிய முடி. கொண்டை இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருக்கிறது. மிச்சத்தைக் குழந்தை பிடித்து இழுக்கிறது, சீவ நேரமும் இல்லை. மகள்தான் கீழே இருக்கிற பார்லருக்குக் கூட்டிப் போய் வெட்டிவிட்டிருக்கிறாள். அதிலிருந்து வளர வளர வெட்டிக்கொள்கிறாள். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. தினம் ஏழு மணிக்குப் பேசுகிற மனிதருக்குத் தெரியவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் போசியைத் திறந்து, தொப்பியை எடுத்து, நினைத்துப் போனபடியே அவள் தலையில் வைத்திருக்கிறார். அது கண்ணை மறைத்து மூக்கு வரைக்கும் இறங்கிவிட்டது. நவ்யா கை தட்டினாள். நந்திதா விழுந்து விழுந்து சிரித்துப் போட்டோ எடுத்தாள். வள்ளியாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை, தொப்பியைக் கழற்றவும் இல்லை. தொப்பிக்கு உள்ளே இருந்தபடியே கேட்டாளாம்.

"தெனமும் போன் பண்ணுனீங்களே, ஒரு நாளாச்சும் உன்னைக் காட்டுன்னு கேட்டீங்களா?"

இதைச் சொல்லும்போது பாலுசாமி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. வளையல் ஸ்டாண்டைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முந்தியது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை பூங்காவில், குழந்தை ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டே விட்டார். வீட்டுக்குப் போகலாம் வா என்று. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவளிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான் என்றார். வள்ளியாத்தாள் ஊஞ்சலை ஆட்டுவதை நிறுத்தவில்லையாம்.

"போன வருசம் கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனுங்க. நீங்க கூப்பிடவே இல்ல. நான் இல்லாம உங்களுக்குப் பழகிப்போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

நந்திதாவுக்கு இப்போது மறுபடி மூன்று மாதம். அதையும் அங்கே ஊஞ்சல் பக்கத்தில்தான் வள்ளியாத்தாள் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. எப்படி வருவேன் சொல்லுங்க என்றுதான் கேட்டாளாம்.

ஊருக்குக் கிளம்பும்போது தொப்பியைத் திருப்பிக் கேட்டிருக்கிறார். பிரித்து, இப்போதைய தலைக்குத் தக்கபடி சின்னதாகப் பின்னி அனுப்பிவிடலாம் என்று. இந்தத் தடவை நேரிலேயே அளவெடுக்கப் பையிலிருந்து ஒரு கம்பியையும் எடுத்திருக்கிறார். வள்ளியாத்தாள் கொடுக்கவில்லை. தொப்பியைக் கொண்டுபோய்த் தன் பெட்டிக்குள், சேலைகளுக்கு மேலே வைத்து மூடிவிட்டாள்.

"பிரிக்காதீங்க. நான் முடி வளத்திக்கறேன்."

இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்கும்போது யாரோ ஒரு பெண் வந்து ஜாக்கெட் துணி கேட்டாள், எடுத்துக் கொடுத்து அனுப்பினேன். அவள் போனதும், மோட்டார் எப்போது ரெடியாகும் என்று அவரிடம் மற்றவர்கள் கேட்கிற மாதிரியே என்னிடம் கேட்டார்.

"கொண்டை போடற அளவுக்கு முடி வளர எத்தனை நாளாகுமுங்கம்மணி? பொறக்கப் போற கொழந்தை நடக்கறதுக்குள்ள வளந்துருமுங்களா?"

எனக்கும் வள்ளியாத்தாளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. இந்த வயசில் காய்ச்சலில் கொட்டிய முடி எவ்வளவு திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும். தலை சீவும்போதெல்லாம் சீப்பிலேயே பார்க்கிறேன்.

"வளந்துருமுங்கண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, சோறு ஆக்க வேண்டும் என்று எழுந்து போனார்.